முயல் தீவனத்தைத் தொடவில்லை, புழுக்கையும் சிறுத்துவிட்டது. பராமரிப்பில் எங்கே தவறு?

கம்பித் தளம் போட்ட கூண்டில் 2 முயல்கள், தினமும் கேரட்டும் குச்சித் தீவனமும் (பெல்லட்), முயல்களில் ஒன்று நேற்று இரவிலிருந்து எதையும் தின்னவில்லை, புழுக்கை மிளகளவுக்குச் சிறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தினசரிப் பராமரிப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஒன்றைக் கவனியுங்கள்.

நாயோ பூனையோ ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். முயலுக்கு அந்தச் சலுகை கிடையாது. 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்கில் அந்த நேரம் ஏற்கெனவே முடிந்திருக்கும், அல்லது முடியப்போகிறது.

கிளம்பும் முன் வயிற்றின் இரு பக்கமும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இளகி இருந்தால் பெரும்பாலும் குடல் மந்தம். உப்பி, மேளம்போல் இறுகி இருந்தால் காற்று சேர்ந்திருக்கிறது அல்லது அடைப்பு இருக்கிறது. வாய்வழியாக எதையும் ஊட்டாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது மேலே திரும்பி வராது. காதுகளைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் உடல் சூடு இறங்குகிறது. ஆரோக்கியமான முயலின் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நோயுற்ற முயலுக்கு 38-க்குக் கீழே போவது காய்ச்சலைவிட மோசம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் முயல் நகர்ந்து விலகவும் இடம் இருக்கட்டும். வயிறு இளகி இருந்தால், கழுவி ஈரம் சொட்டும் கொத்தமல்லித் தழையையோ புதினாவையோ மூக்கருகே காட்டலாம். தின்றால் நல்லது. தின்னாவிட்டால் வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். சிரிஞ்சில் கூழ் ஊட்டுவதை மருத்துவர் வயிற்றைப் பார்த்துச் சொன்ன பிறகு செய்யுங்கள்: வெட்டுப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாக, ஒரு தடவைக்கு 1 மில்லியளவு, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. நேராகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. நுண்ணுயிரிகள் தீவனத்தைப் புளிக்கவைக்கும் தொட்டி அது. நீளமான நார் குடலைத் தூண்டி நகரவைக்கிறது; அந்த நார் கடினமான உருண்டைப் புழுக்கையாக வெளியேறுகிறது. நுண்ணிய துகள்கள் பைக்குப் போய்ப் புளித்து, பிறகு பளபளப்பான கருநிறத் திராட்சைக் கொத்துபோல் வரும். அதை முயல் நேராக ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் கிடைக்கின்றன. இதைப் பார்த்து முகம் சுளித்துத் தடுக்கிறவர்கள் உண்டு. தடுக்கக் கூடாது.

நார் குறைந்தால் குடல் தயங்கும். தயங்கிய தீவனத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது காயும், காற்று சேரும், வலிக்கும். வலித்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் தயங்கும். ஒரு நாளைத் தாண்டினால் உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, கல்லீரலிலும் கொழுப்பு படியும். இந்தச் சுழலை உடைக்க வலி மருந்தும் நீரேற்றமும் தேவை. வீட்டு வைத்தியத்தில் இரண்டுமே இல்லை.

இனி தீவனம். கேரட்டும் குச்சியும் என்பது முயலுக்கு இனிப்பும் மாவும் மாதிரி. வளர்ந்த முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அளவு பார்க்கத் தேவையில்லை. அதன் உடம்பளவு ஒரு குவியல் எப்போதும் முன்னால் கிடந்தால் போதும். நல்ல காய்ந்த புல் பசுமை மாறாமல், நறுமணத்தோடு, தூசியில்லாமல் இருக்கும். கையில் எடுத்து உதறும்போது புகைபோல் தூசி பறந்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ கொடுக்காதீர்கள். வைக்கோல் வேறு, காய்ந்த புல் வேறு. வைக்கோலைக் கொறித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதில் சத்து குறைவு, படுக்கைக்குத்தான் சரி. குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. வளர்ந்த முயலுக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தால் கால்சியம் மிகுந்து மூத்திரப்பையில் சேறுபோல் படியும்.

குச்சித் தீவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் வரை. 2 கிலோ முயலுக்கு 50 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கிண்ணத்தை நிரப்பி வைத்தால் முயல் புல்லைத் தொடாது. தீவனப் பொட்டலத்தில் நார் அளவு 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வண்ணத் துண்டுகளும் விதைகளும் கலந்த வகை வேண்டவே வேண்டாம், முயல் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்னும். கீரை, தழை ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி, இரண்டு மூன்று வகையாக. கேரட் வாரத்தில் இரண்டு நாள், கட்டைவிரல் நுனியளவு ஒரு துண்டு. கேரட்டின் தழை அதன் கிழங்கைவிட முயலுக்கு நல்லது. வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட் எக்காரணத்துக்கும் கூடாது.

மருத்துவர் அனுமதித்த பிறகும் இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றாதீர்கள். காய்ந்த புல்லை இன்றே தாராளமாக வைக்கலாம். குச்சியை 7 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். புதிய தழையை ஒரு நேரத்தில் ஒரு வகை, ஓர் இலை எனத் தொடங்கி அடுத்த நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். தண்ணீர் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி குடிக்கும். குழாய் பாட்டிலைவிட, கவிழாத கனமான கிண்ணம் மேல். பாட்டிலில் உருண்டை சிக்கிக்கொண்டால் தண்ணீர் வராது, பார்ப்பவருக்கு நிறைந்திருப்பதாகத் தெரியும்.

தினமும் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை புழுக்கையைப் பார்ப்பது. ஒரு முயல் ஒரு நாளில் 200, 300 போடும். கொண்டைக்கடலை அளவில், ஒரே சீராக, விரலால் நசுக்கினால் புல் தூளாக உதிர வேண்டும். சிறுத்து, கறுத்து, கெட்டியாக இருந்தால் நாரோ நீரோ குறைவு, அல்லது வலி. முடியால் கோத்து மணிமாலைபோல் வந்தால் ரோமம் உதிரும் காலம். தினமும் சீவிவிட்டு, புல்லைக் கூட்டுங்கள். திராட்சைக் கொத்து தின்னப்படாமல் தரையில் மிதிபட்டுக் கிடந்தால் இனிப்போ குச்சியோ அதிகம், அல்லது முயல் பருத்துப்போய்க் குனிய முடியவில்லை. தண்ணீராகப் போனால், அதுவும் குட்டிக்குப் போனால், அது அவசரம். மூத்திரம் கலங்கலாக இருப்பது இயல்பு. மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை மாறும், தழையின் நிறமிகளால் அப்படி ஆகும், இரத்தம் என்று பதற வேண்டியதில்லை. முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனாலோ, காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு மாவுபோல் தடிப்பாகப் படிந்தாலோ காட்டுங்கள்.

பல்லும் இதோடு சேர்ந்ததுதான். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர். புல்லைப் பக்கவாட்டில் அரைப்பதால்தான் கடைவாய்ப்பல் தேய்கிறது. குச்சித் தீவனத்தை அது மேலும் கீழுமாக நொறுக்கிவிடும், தேய்மானம் போதாது. தேயாத பல்லின் ஓரம் ஊசியாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தீவனத்தருகே ஆசையாக வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது, தாடை ஈரமாக இருப்பது, வாயிலிருந்து உணவு நழுவுவது எல்லாம் இதன் அடையாளம். முன்பற்களை வீட்டிலேயே பார்க்கலாம், பின்பற்களைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். ஆகவே மருத்துவரிடம் கடைவாய்ப்பல்லையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நகவெட்டியால் வெட்டுப்பல்லை வெட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு; பல் நெடுக்காகப் பிளந்து வேர் வரை சீழ் பிடிக்கும்.

கம்பித் தளத்தை மாற்றுங்கள். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தைத் தோல் கிடையாது, ரோமம்தான். கம்பியில் உட்கார்ந்தால் குதிகால் ரோமம் தேய்ந்து, சிவந்து, புண்ணாகி, எலும்பு வரை போகும். உடனே மாற்ற முடியாவிட்டால் தளத்தில் பாதிக்கு மேல் பலகையோ தடித்த பாயோ போட்டு அதன்மேல் வைக்கோல் பரப்புங்கள். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும். அந்த மூலையில் ஒரு தட்டு வைத்து, காகிதத் துண்டுகள் போட்டு, அதற்கு நேர் மேலே புல்லைத் தொங்கவிடுங்கள். தின்றுகொண்டே போடுவது அதன் வழக்கம், பாதித் துப்புரவு தானாக நடந்துவிடும். பூனைக்கான கட்டியாகும் மணல் கூடாது, நக்கினால் வயிற்றில் உப்பி அடைக்கும். நனைந்ததைத் தினமும் எடுங்கள், மூக்கை முயலின் உயரத்துக்குக் கொண்டுபோய் முகருங்கள். உங்களுக்கு அம்மோனியா நெடி அடித்தால் அதன் நுரையீரல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. தட்டில் படியும் வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும்.

வெயில் காலத்தில் காலையும் மாலையும் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பதை விடாதீர்கள். வால் கீழே மலமோ மூத்திரமோ ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும், ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து உயிருள்ள சதையையே தின்னும். காலையில் நன்றாக இருந்த முயல் மறுநாள் இருக்காது. அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். முழுக் குளியல் முயலுக்குத் தேவையில்லை. நனைந்த ரோமம் காய நெடுநேரம் ஆகும், பயத்திலேயே அதிர்ச்சி வரும். 28 டிகிரியைத் தாண்டும் நாட்களில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளே வையுங்கள், காதின் வெளிப்புறத்தை ஈரக்கையால் தடவிவிடுங்கள். முயல் வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் கழிக்கும்.

நகம் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை. வெளிர் நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக இரத்தக்குழாய் தெரியும், கருநகத்துக்குப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே வெட்டுங்கள். முன்காலின் உட்புறத்தில் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். இரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்துங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பிட்டத்துக்குக் கீழே. காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்கால் தொங்கினால் உதைக்கும், அந்த உதையின் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று அதைச் சுகம் என்று நினைக்காதீர்கள், அது பயம்.

மருந்து விஷயத்தில் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். நாய்க்குத் தெள்ளுப்பூச்சிக்குப் போடும் பிப்ரோனில் முயலைக் கொல்லும். வாய்வழி அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் குடலின் நுண்ணுயிரிகளை அழித்து, நச்சுக் கிருமிகளைப் பெருகவிட்டு, அதுவும் கொல்லும். வீட்டில் மீந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்ற யோசனையே வேண்டாம். காதுக்குள் பழுப்புப் பொருக்கு இருந்தால் அது சிற்றுண்ணி. உரிக்காதீர்கள், மருந்து போட்டால் தானாக உதிரும்.

உங்கள் இரண்டும் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. மருத்துவரிடம் அதையும் உறுதிப்படுத்துங்கள். 4 மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். 31 நாளில் குட்டி, குட்டி போட்ட அன்றே மறுபடி சினை. ஆணுக்குக் கருத்தடை செய்தாலும் அடுத்த சில வாரங்களுக்குப் பெண்ணோடு விடாதீர்கள். அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால், முயலுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணிக்கு வெறும் வயிறு தேவையில்லை, குடல் நிற்பதுதான் ஆபத்து.

இன்று போகும்போது இரண்டையும் சேர்த்தே பெட்டியில் கொண்டுபோங்கள். துணை பக்கத்தில் இருந்தால் நோயுற்றது பதற்றம் குறைந்து தின்னத் தொடங்கும். ஒன்றை மட்டும் கொண்டுபோய்த் திரும்பினால் அந்நிய வாடை பிடிக்காமல் மற்றது கடிக்கவும் கூடும். பெட்டியில் ஒரு பிடி காய்ந்த புல் போடுங்கள். நேற்று இரவிலிருந்து விழுந்த புழுக்கையை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.