பாயை நனைக்கும் பிள்ளைகள்: பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. பகலில் ஒழுங்காகக் கழிப்பறைக்குப் போகிறவன் இரவில் மட்டும் பாயை நனைத்துவிடுகிறான். இது சோம்பல், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். சரிதானா, டாக்டர்?

பதில்: சரியில்லை, அம்மா. உறக்கத்தில் நடப்பதை எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று செய்வதில்லை. ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேருக்கு இது உண்டு. பத்து வயதில் 5 பேர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு இருப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறையும் முன்பே சுருங்கிவிடுகிறது. இவற்றோடு, பை முட்டினாலும் விழிப்புத் தட்டாத உறக்கமும் சேரும்போதுதான் பாய் நனைகிறது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 40க்கு மேல். இருவருக்கும் இருந்திருந்தால் 70க்கு மேல். உங்கள் கணவர் எந்த வயதில் நிறுத்தினார் என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள். அடிக்கும் பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தந்தை: ஒன்பது வயது மகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. அப்படியும் நிற்கவில்லை.

பதில்: சென்னை வெயிலில் அலைந்து வந்த பிள்ளையைத் தாகத்தோடு படுக்க வைப்பது தேவையற்ற தண்டனை. அவள் பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள். கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்பதற்காகக் காலை முதல் குடிக்காமலும் போகாமலும் அடக்கிக்கொண்டு, வீடு வந்ததும் மடமடவென்று குடிக்கும் பெண் பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். நாள் முழுவதற்குமான தண்ணீரில் பெரும்பகுதியைப் பிற்பகலுக்குள் குடிக்கச் செய்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அனுமதிக்குமாறு ஆசிரியையிடம் எழுதிக் கொடுங்கள். மாலைத் தேநீர் வேண்டாம்.

அடுத்து மலச்சிக்கல். இதைப் பெற்றோர் யாரும் தாமாகச் சொல்வதில்லை. நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி, அது கொள்ளும் அளவைக் குறைத்துவிடுகிறது. கீரை, கொய்யா, வாழைப்பழம் போதாவிட்டால் மலமிளக்கி மருந்தும் கொடுத்து இதைச் சரிசெய்த பிறகே மற்ற சிகிச்சைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டி: இரண்டு வருடமாக நனைக்காமல் இருந்த பேரன் இந்த மாதம் மீண்டும் தொடங்கிவிட்டான். ஓயாமல் தண்ணீர் கேட்கிறான், இளைத்தும் விட்டான். கண் பட்டிருக்குமோ என்று தாயத்துக் கட்டினோம்.

பதில்: தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், இன்றே அவனை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தது திரும்பி வந்து, அதோடு தாகமும் எடை குறைவும் சேர்ந்தால், அது சிறார் நீரிழிவாக இருக்கக்கூடும். நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: ஈரம் பட்டால் ஒலிக்கும் அலாரம் வாங்கலாமா? ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறோம்.

பதில்: நிலைத்த பலன் தருவதில் அலாரமே முதன்மையானது. ஆயினும் தொடக்க வாரங்களில் ஒலி கேட்டுப் பிள்ளை எழுவதற்கு முன் வீடே எழுந்துவிடும். நீங்கள்தான் அவனை எழுப்பிக் கழிப்பறைக்கு நடக்கவைக்க வேண்டும். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் கழியும் வரை இதை விடக் கூடாது; அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். வீட்டில் பொதுத் தேர்வு எழுதுபவரோ, விடியற்காலை வேலைக்குப் போகிறவரோ இருந்தால் விடுமுறை வரை பொறுத்திருங்கள்; பாதியில் விட்டால் பயனில்லை.

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை: பத்து வயது மகன் பள்ளிச் சுற்றுலா போகிறான். மாத்திரை உண்டா?

பதில்: டெஸ்மோபிரெசின் மாத்திரை உண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்குங்கள். முன்பு சொன்ன வாசோபிரெசின் ஹார்மோனின் வேலையை அன்றிரவுக்கு மட்டும் அது செய்யும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். உட்கொள்வதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை ஓரிரு மிடறுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். புறப்படுவதற்குச் சில நாள்கள் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் இரவில் கொடுக்கவே கூடாது என்பதை உடன் செல்லும் ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.