மெம்ஃபிஸ் டோர்னமெண்ட் எங்க போச்சு? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார். டென்னிஸ் பிளேயர் ஆண்டி ராடிக் பத்தி எழுதினப்ப அமெரிக்காவுல நடந்த மெம்ஃபிஸ் டோர்னமெண்ட் பேரை ஒரு வரியில சொல்லிட்டு தாண்டிப் போயிட்டீங்க. இப்ப ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் டூர்) காலண்டர்ல தேடினா அந்தப் பேரே இல்ல. எப்ப நின்னுச்சு, ஏன் நின்னுச்சு? டல்லாஸ் ஓபன்தான் அதோட தொடர்ச்சின்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் அடிச்சுச் சொல்றான், சரியா? நம்ம சென்னை ஓபன் போனப்பவும் இதே குழப்பம்தான் எனக்கு.
– ஒரு வாசகர், மதுரை

வணக்கம். உங்க ஃப்ரெண்ட் சொல்றது பேப்பர்ல சரிதான், ஆனா என்னால அதை ஒத்துக்க முடியல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

மெம்ஃபிஸ்ல நடந்தது சாதாரண டோர்னமெண்ட் இல்ல, அமெரிக்காவோட நேஷனல் இன்டோர் சாம்பியன்ஷிப். 1898ல மாசசூசெட்ஸ்ல இருக்கற நியூட்டன்ல ஆரம்பிச்சுது, அப்புறம் ரொம்ப வருஷம் நியூயார்க்ல செவன்த் ரெஜிமெண்ட் ஆர்மரின்னு ஒரு பெரிய ராணுவப் பயிற்சி மண்டபம், அதுக்குள்ள மரப்பலகைத் தரையில ஆடினாங்க. பலகையில பந்து எழும்பாம வழுக்கிட்டு வரும், சர்வ் போட்டுட்டு நெட்டுக்கு ஓடறவனுக்குத்தான் அங்க வாழ்வு. ஃபிரான்ஸ்லேருந்து கப்பல்ல வந்து ஜான் பொரோத்ரா அங்க 4 தடவை ஜெயிச்சிருக்கார். பில் டில்டன், பாஞ்சோ கொன்சாலஸ் பேரெல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு.

1964ல அது மேரிலாண்ட்ல சாலிஸ்பரிங்கற சின்ன ஊருக்குப் போச்சு. கூட்டிட்டுப் போனவர் பில் ரியோர்டன். பெரிய காசு வச்சிருந்த டபிள்யூசிடி (வேர்ல்ட் சாம்பியன்ஷிப் டென்னிஸ்) சர்க்யூட்டோட சேராம தனியா ஒரு குளிர்கால இன்டோர் சர்க்யூட்டே நடத்தின ஆளு, ஜிம்மி கானர்ஸுக்கு மேனேஜர் வேற. கானர்ஸ் 1973, 74, 75னு மூணு வருஷம் வரிசையா அங்க ஜெயிச்சார், பின்னாடி மெம்ஃபிஸ் வந்தும் விடல, மொத்தம் 7 தடவை.

1977ல அது மெம்ஃபிஸ் ராக்கெட் கிளப்புக்கு வந்துச்சு. முதல் வருஷமே போர்க் ஜெயிச்சார். மெக்கன்ரோ, அகாஸி, சாம்ப்ராஸ் எல்லாரும் அங்க கப் தூக்கியிருக்காங்க. இடம்னு பார்த்தா அது ஒரு மெம்பர்ஸ் கிளப்தான், கூடைப்பந்து அரங்கம் மாதிரி பிரம்மாண்டமா இருக்காது, ஆடியன்ஸ் கோர்ட்டுக்கு ரொம்பப் பக்கத்துல உக்காந்திருப்பாங்க, கூரை இருக்கறதால சர்வ் சத்தம் அப்படியே உள்ளயே சுத்தும். பல வருஷம் டோர்னமெண்ட் பேர்லயே அந்த ஊர்ல இருக்கற செயிண்ட் ஜூட் குழந்தைகள் ஆஸ்பத்திரியோட பேரும் சேர்ந்திருந்துச்சு. ஊரோட ஒட்டின டோர்னமெண்ட்னு நான் சொல்றது இதைத்தான்.

கிராண்ட் ஸ்லாமுக்குக் கீழ மாஸ்டர்ஸ், மாஸ்டர்ஸுக்கு அடுத்த படி மெம்ஃபிஸ், 2009க்கு அப்புறம் 500னு பேரு, ஜெயிச்சா 500 பாயிண்ட். இந்த நடுப் படியில இருக்கறதுதான் எப்பவும் கஷ்டமான நிலைமை. கிராண்ட் ஸ்லாமையும் மாஸ்டர்ஸையும் அவ்வளவு லேசுல யாரும் அசைக்க முடியாது, 500ங்கற இடம் எண்ணிக்கையில கம்மி, எல்லா ஊரும் கேக்கும், புதுசா ஒருத்தருக்கு வேணும்னா பெரும்பாலும் இன்னொருத்தர்கிட்ட இருக்கறதைத்தான் வாங்கணும். பிப்ரவரில டாப் பிளேயர்ஸ் பாதிப் பேர் ராட்டர்டாம், துபாய்னு போயிடுவாங்க, களிமண்ல ஆடறவங்க தென் அமெரிக்காவுக்குப் போயிடுவாங்க, மெம்ஃபிஸுக்கு மிஞ்சினது அமெரிக்க ஆளுங்களும் பெரிய சர்வ் போடறவங்களும். அப்படி இருந்தும் ஆட்டம் மோசமா இருந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. 2011 ஃபைனல் ஒண்ணு போதும். முந்தின வாரம்தான் சான் ஹோசேல கப் வாங்கிட்டு வந்த 20 வயசு மிலோஸ் ராவ்னிச், எதிர்ல ராடிக். மூணாவது செட் மேட்ச் பாயிண்ட்ல ராடிக் முழு நீளத்துக்கு டைவ் அடிச்சு, விழுந்துகிட்டே ஃபோர்ஹேண்ட்ல ராவ்னிச்சைத் தாண்டி அடிச்சாரு பாருங்க, அவர் எந்திரிக்கறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிடுச்சு. அது அவரோட 30வது டைட்டில். அவர் முதல் தடவை அங்க ஜெயிச்சது 2002ல, 19 வயசு.

சரி, எப்படிப் போச்சு? 2014ல அந்த 500 இடம் பிரேசிலுக்கு, ரியோவுக்குப் போயிடுச்சு, தென் அமெரிக்க களிமண் சீசனுக்கு நடுவுல ஒரு பெரிய டோர்னமெண்ட் அவங்களுக்குத் தேவைப்பட்டுச்சு. பெண்கள் டோர்னமெண்டும் மெம்ஃபிஸ்ல அதோட முடிஞ்சுது. மெம்ஃபிஸ் அதுக்குக் கீழ்ப் படியான 250 ஆ இறங்குச்சு. அதே நேரம் 1889லேருந்து வந்த சான் ஹோசே டோர்னமெண்டும் 2013 ஓட நின்னு போச்சு, அதுக்காக எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அது தனிக் கதை. மெம்ஃபிஸ் இறங்கினப்புறமும் ஜப்பான் பிளேயர் நிஷிகோரி வந்துகிட்டே இருந்தார், 2013லேருந்து 2016 வரைக்கும் தொடர்ந்து 4 கப், கடைசி ஃபைனல்ல எதிர்ல நின்னது 18 வயசு டெய்லர் ஃபிரிட்ஸ். 2017ல ரையன் ஹாரிசன் ஜெயிச்சார், அவரோட முதல் டைட்டில், மெம்ஃபிஸோட கடைசி. 2015லயே ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ்னு ஒரு கம்பெனி இதை வாங்கியிருந்துச்சு, 2018ல அவங்க நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல இருக்கற நாஸோ கொலிசியம்ங்கற அரங்கத்துக்கு மாத்தி நியூயார்க் ஓபன்னு பேர் வச்சாங்க, கோர்ட்டைக் கறுப்பு கலர்ல போட்டாங்க. மூணே வருஷம், 2020 பிப்ரவரில கைல் எட்மண்ட் ஜெயிச்சதோட சரி, அடுத்த மாசம் கொரோனாவால டூரே நின்னுடுச்சு. அதே லைசென்ஸ்தான் 2022ல டல்லாஸுக்குப் போச்சு. டல்லாஸ் நல்லா நடத்தறாங்க, 2025ல 500 ஆவும் ஏறிட்டாங்க, அதுல எனக்கு ஒரு பொறாமையும் இல்ல.

ஆனா இங்க கைமாறினது ஏடிபி காலண்டர்ல ஒரு வாரம் நடத்தற உரிமை மட்டும்தான். மெம்ஃபிஸ்ல 40 வருஷமா பால் பாய் வேலை பாத்த பசங்க, லைன் அம்பயரா நின்னவங்க, வருஷா வருஷம் அதே சீட்ல உக்காந்தவங்க, இதெல்லாம் டல்லாஸுக்கு மாறல. நேஷனல் இன்டோர்ங்கற பட்டமும் மாறல. அதனால 1898ல ஆரம்பிச்சது டல்லாஸ்ல நடக்குதுன்னு யாராவது சொன்னா இல்லைன்னுதான் சொல்வேன், அது 2017ல நின்னுடுச்சு.

நீங்க கேட்ட சென்னை விஷயமும் கிட்டத்தட்ட இதே முறைதான். சென்னைலயும் கடைசியா ஏடிபி நடந்தது அதே 2017, ஜனவரி. 2018ல புனே, 2023க்கு அப்புறம் புனேலயும் கிடையாது. நுங்கம்பாக்கத்துக்கு கூட்டம் வராமப் போனதால இல்லைங்க. டோர்னமெண்ட் நடக்கற ஊருக்கு அதோட உரிமை சொந்தம் கிடையாது, அது வச்சிருக்கறவங்க கையில இருக்கு, அவங்க வேற இடம் போலாம்னு முடிவெடுத்தா ஊர் ஒண்ணும் பண்ண முடியாது. ஏடிபி இதுல ஒரு விதி கொண்டு வரலாம்னு நெனைக்கறேன், 25 வருஷத்துக்கு மேல ஒரே ஊர்ல நடந்த டோர்னமெண்டை நகர்த்தறதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்க அதை வாங்கிக்கறதுக்கு ஒரு வாய்ப்பாவது குடுக்கணும்னு. உங்க ஃப்ரெண்ட் இதுக்கு என்ன சொல்றார்னு கேட்டு எழுதுங்க.