ஒதுக்கிய காசும் விடுவித்த காசும்

ஐயா,
வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். அமைச்சர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே இருப்பதால்தான் இலங்கையில் வலுவேறாக்கம் (சட்டவாக்கம், நிறைவேற்று, நீதி என்ற அதிகாரங்களின் பிரிப்பு) இல்லை என்று ரியூஷனில் சொன்னார்கள். அமெரிக்கா போல முழுதாகப் பிரித்துவிட்டால் சரிவருமா? இன்னொன்று, 2023இல் உள்ளூராட்சித் தேர்தல் காசு விடயத்தில் உயர் நீதிமன்றம் தலையிட்டது பிழையல்லவா? பொது நிதி முழுவதும் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் என்று அரசியல் யாப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறதே.
ஒரு மாணவன்

அன்பின் தம்பி,

அமைச்சர் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்பதைப் பெரிதுபடுத்தாதையும். பிரித்தானியாவிலும் அமைச்சர்கள் பாராளுமன்றத்துக்குள்தான். எங்கள் யாப்பில் அதைவிட உறுத்துவது 4(இ) உறுப்புரை: நீதித்துறை அதிகாரத்தையே பாராளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கிறதாம். பரீட்சையில் அதை எழுதும்.

உமது இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சக் காலமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாசித்ததும் கோபமும் வந்தது. 148ஐ வாசித்த பிள்ளை, இரண்டு உறுப்புரை தள்ளி 150ஐ ஏன் வாசிக்கவில்லை? பாதியை வாசித்துவிட்டு நீதிமன்றத்தில் பிழை பிடிக்கக்கூடாது.

காசு போகும் பாதையைப் பாரும். வரவுசெலவுத் திட்ட விவாதம் முடிந்து ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறும். அத்தோடு திரட்டு நிதியத்தின் (அரச வருமானம் சேரும் பொதுக் கணக்கு) கதவு திறந்துவிடாது. 150(1)இன்படி நிதி அமைச்சர் கையொப்பமிட்ட ஆணைப்பத்திரம் வேண்டும். அதற்குப் பிறகும் திறைசேரி காசாக விடுவித்தால்தான் திணைக்களத்தின் கைக்கு வரும். பாராளுமன்றத்தின் வேலை முதற்படியோடு சரி. மற்ற இரண்டு படியும் நிறைவேற்றுத்துறையின் கையில். 2023இல் ஜனாதிபதியே நிதி அமைச்சராகவும் இருந்தார்.

அந்த வருடத் தேர்தலுக்குப் பாராளுமன்றம் 10 பில்லியன் ரூபா ஒதுக்கியிருந்தது. வாக்களிப்பு மார்ச் 9 என்று அறிவித்தாயிற்று. பெப்ரவரியில் தபால்மூல வாக்குச்சீட்டு அச்சிடும் கட்டத்தில் அரச அச்சகம் முதலில் காசைக் கேட்டது. திறைசேரி கொடுக்கவில்லை. வாக்குச்சீட்டு வரவில்லை, தபால்மூல வாக்களிப்பு தள்ளிப்போனது, பின்னாலேயே தேர்தலும் போனது. ஒரு சட்டமும் மாறவில்லை. ஒதுக்கீட்டை ஒருவரும் வாக்கெடுத்து நீக்கவுமில்லை.

மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவு என்ன சொன்னது? ஒதுக்கிய காசைத் தடுத்துவைக்காதே என்றது. புதிதாக ஒரு சதம்கூட ஒதுக்கச் சொல்லவில்லை. பாராளுமன்றம் எடுத்த முடிவைத்தான் நீதிமன்றம் காப்பாற்றியது, தம்பி! அதற்கு அரச தரப்பு உறுப்பினர்கள் எழும்பி, நீதியரசர்கள் பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறிவிட்டார்கள் என்றார்கள். தங்கள் சபை நிறைவேற்றிய சட்டத்தைத் திறைசேரி கிடப்பில் போட்டதற்கு அந்த ரோசம் வரவில்லை. நீரும் அந்த வாதத்தையே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்.

2018ஐயும் பக்கத்தில் வைத்துப் பாரும். நவம்பர் 9 ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார், 13இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை, டிசம்பர் 13 கலைத்தது யாப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பு. ஏன் அவ்வளவு வேகம்? கையில் ஒரு வர்த்தமானி இருந்தது, அதில் திகதி இருந்தது. அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போடவேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. காசை விடுவிக்காமல் இருப்பதற்கு எந்த வர்த்தமானி? எந்த நாளிலிருந்து எண்ணுவது? "இப்போது கையில் காசில்லை" என்ற ஒரு பதில் போதும், நாட்கள் ஓடிவிடும். உத்தரவு வந்த பிறகும் தேர்தல் ஏப்ரல் 25க்கு நகர்ந்தது, அதுவும் நடக்கவில்லை. தேர்தல் நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்ட் 22இல் வந்தது. சனம் வாக்களித்தது 2025 மே 6இல்.

அமெரிக்காவைக் கேட்டீர் அல்லவா? முழுதாகப் பிரித்த அந்த நாட்டிலும் இதே நோய் வந்தது. காங்கிரஸ் (அந்நாட்டுப் பாராளுமன்றம்) ஒதுக்கிய காசை ஜனாதிபதி நிக்சன் தடுத்துவைத்தார். 1974இல் சட்டம் போட்டார்கள்: ஒதுக்கியதை ரத்துச் செய்ய விரும்பும் ஜனாதிபதி காங்கிரசுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். கூட்டத்தொடரின் 45 நாட்களுக்குள் காங்கிரஸ் சம்மதிக்காவிட்டால் காசை விடவேண்டும். அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. ஆனால் அங்கே எண்ணத் தொடங்க ஒரு நாள் இருக்கிறது. எங்களுக்கும் அதுதான் வேண்டும்: ஒதுக்கிய காசை விடமுடியாவிட்டால் நிதி அமைச்சர் காரணத்தை எழுதி, திகதி போட்டு, சபையில் வைக்கவேண்டும்.

கோபித்துக்கொள்ளாதையும், தம்பி. உமது வயதில் 148ஐத் தேடி வாசித்ததே சந்தோசம்தான். இன்னும் ஒரு வேலை செய்யும். 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட மதிப்பீட்டு நூலில் செலவினத் தலைப்பு 20ஐத் திறவும், அது தேர்தல்கள் ஆணைக்குழு. பிறகு 2025ஆம் ஆண்டு நூலில் அதே தலைப்பில் 2023இன் உண்மைச் செலவு நிரலைப் பாரும். இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதி, ரியூஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டும்.

அன்புடன்.