பதில்: டிரம்ஸ் இல்லாததால் வேகம் ஓடுகிறது, கஹோன் வாங்கலாமா?

ஐந்து பேர் புளூகிராஸ் (தந்தி வாத்தியங்களால் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை) வாசிக்கிறீர்கள், பாட்டு தொடங்கும் வேகம் ஒன்று முடியும் வேகம் வேறு, போதாததற்குப் பாடுகிறவர் குரல் பாஞ்சோ என்ற தோல் போர்த்திய தந்தி வாத்தியத்தின் சத்தத்தில் மூழ்குகிறது, அதனால் கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி டிரம்) ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பணம் மிச்சம்.

இந்த இசையில் டிரம்ஸின் வேலையை மாண்டலின்தான் பார்க்கிறது. டபுள் பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) நான்கடித் தாளத்தின் 1, 3 அடிகளில் விழும், மாண்டலின் 2, 4-இல் 'சாப்' அடிக்கும், அதாவது கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) அடித்த கையோடு இடதுகை விரல்களைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிட வேண்டும். திறந்த தந்தி கலந்த கார்டு பிடித்தால் ஒலி அறுபடாது, எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கார்டுகளுக்கு மாறச் சொல்லுங்கள். தினமும் பதினைந்து நிமிடம் பாஸும் மாண்டலினும் மட்டும் மெட்ரோனோமோடு (சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் கருவி) வாசிக்கட்டும், மற்ற மூவரும் சும்மா கேட்கட்டும் (பாஞ்சோக்காரர் சும்மா இருப்பதுதான் கஷ்டம்!).

சரி, பாஞ்சோ. 1945 கடைசியில் புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் வாசிப்பை எல்லாரும் விழுந்து விழுந்து கற்கிறார்கள், பாடகருக்குப் பின்னால் அடக்கி வாசிப்பதை யாரும் கற்பதில்லை. ஒரே மைக் வைத்துப் பாருங்கள். தனி வாசிப்புக்கு மட்டும் பாஞ்சோக்காரர் மைக்கின் முன்னால் வரட்டும், பாட்டு வரியில் இரண்டடி பின்னால் போகட்டும். அப்புறம், வேகம் கூடுவது தனி வாசிப்பு கைமாறும் இடத்திலா, கோரஸிலா? அதைக் கவனித்து எழுதுங்கள்.