பிஎச்டி செய்துகொண்டே வேலையும் பார்க்கிறேன். பிற்கால வேலைக்கான பயிற்சியை எங்கே, எப்போது பெறுவது?

ராமநாதபுரம் கடற்கரையில் கடல் ஆய்வு செய்யும் மாணவர் கேட்டிருக்கிறார்: லேப் வகுப்பும் எடுக்க வேண்டும், ஃபீல்டுக்கும் போக வேண்டும், தனக்கென்று எதையும் கற்க நேரமே இல்லையாம். மண்டபம் பக்கம் கடல்பாசி பிராஜெக்ட்டில் சம்பளத்துக்கு இருந்துகொண்டே பிஎச்டி முடித்தவன் என்பதால் சொல்கிறேன். இப்போது பார்க்கும் வேலையிலேயே பாதிப் பயிற்சி இருக்கிறது, ஆனால் கூட இருந்து பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும்.

இரண்டு வருடம் எம்எஸ்சி பிள்ளைகளுக்கு லேப் எடுத்தேன். எப்படி எடுக்கிறேன் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள் சீனியர் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். முடிந்ததும், "தம்பி, ஒரு பிள்ளைகூட பாசியைக் கையால தொடலைப்பா" என்றார். அடுத்த வாரம் கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்ற மூன்று வகைக் கடல்பாசியையும் ஈரத்தோடு ஒரே தட்டில் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னேன். வகுப்பே மாறிப்போனது.

ஃபீல்டிலும் அப்படித்தான். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் அக்கா ஒருவர், நான் டர்பினேரியா என்று அறிவியல் பெயரில் எழுதியதைப் பார்த்து "இது பக்கோடா பாசி" என்றார். அன்றிலிருந்து நோட்டில் ஊர்ப்பெயருக்குத் தனிப் பத்தி போட்டேன். பின்னால் வேலைக்கான நேர்காணலில் அந்தப் பத்தியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறை, பிஎச்டி மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, ஆய்வு உதவி வேலை கொடுக்கலாம் என்கிறது, கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி தரவேண்டும் என்றும் அதே விதிமுறையில் இருக்கிறது, அதனால் பார்த்த மணி நேரத்தைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு கைடிடம் போய் "வாரத்தில் அரை நாள் எனக்கு வேண்டும் சார்" என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேட்கவே மூன்று வருடம் தயங்கினேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அந்த அரை நாளில் புள்ளிவிவரக் கணக்குக்கு ஆர், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற இரண்டு மென்பொருளையும் பழகுங்கள், என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. பில், கொட்டேஷன், பிராஜெக்ட் பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாம் கிளார்க் வேலை என்று தள்ளிவிடாதீர்கள், நாளைக்குச் சொந்த பிராஜெக்ட் வாங்கும்போது அதுதான் கைகொடுக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது, 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை தலைமையகமே இங்கேதான். கைடிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், அங்கே வேலை பார்ப்பவர்களிடம் அவர்களுடைய ஒருநாள் வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ஆனால் முதல் வேலையாக, அடுத்த லேப் வகுப்புக்கே கடைசி பெஞ்சில் உட்கார ஒருவரைக் கூப்பிடுங்கள்.