காகிதத்தைச் சுட ஒரு துப்பாக்கி

வணக்கம் சார்,

டல்லஸ் பக்கம் இருக்கிறேன். வயது 46. போன வருஷம் கிரீன் கார்டு கைக்கு வந்தது. சென்ற மாதம் ஆபீஸ் நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார்கள். கையில் கொடுத்தது 45 காலிபர், பெரிய குண்டு போடும் கைத்துப்பாக்கி. முதல் வெடியிலேயே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அந்த நினைப்பு விடவில்லை. இலக்கைப் பார்த்துச் சுட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடைக்காரர் உள்ளங்கை அளவில் 9 எம்எம் ஒன்றை எடுத்து வைத்து, "முதல் துப்பாக்கி என்றால் இதுதான்" என்கிறார். மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. பையன்கள் எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிறார்கள். சின்னவன் மட்டும் "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாமா" என்கிறான். எதை வாங்கலாம்? நம்மவர்களுக்கு இதெல்லாம் தேவைதானா? டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், அதற்குள் முடிவு செய்துவிட நினைக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கடைக்காரர் காட்டியதை வாங்க வேண்டாம். அவர் ஏமாற்றவில்லை. அங்கே வருகிறவர்கள் பலர் தற்காப்புக்கென்று கேட்கிறார்கள். சட்டைக்குள் மறைய வேண்டும், எடை தெரியக் கூடாது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். எடை குறைந்த துப்பாக்கி கையில் அதிகம் உதைக்கும். குழல் குட்டையானால், குறி பார்க்க மேலே இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே தூரம் குறையும். அங்கே மயிரிழை பிசகினாலும் குண்டு இலக்கில் எங்கேயோ போய் விழும். இந்தக் குட்டித் துப்பாக்கியில் ஆரம்பித்து, மூன்றாம் மாதமே அலுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் எங்கள் ரேஞ்சில் பலர்.

22 காலிபர் துப்பாக்கி வாங்குங்கள், சின்னக் குண்டு. தோட்டாவின் முழுப்பெயர் 22 லாங் ரைஃபிள். பெயரில் ரைஃபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். 1887-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. குண்டின் எடை வழக்கமாக 40 கிரெயின் (குண்டை நிறுக்கும் சின்ன அளவு). 9 எம்எம்-மில் 115 கிரெயின் சாதாரணம். தோட்டா விலையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ரேஞ்சில் யாராவது "அது குழந்தைகள் சுடுவது" என்று கேலி செய்வார்கள். ஓஹையோவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெரி, 1907-லிருந்து தேசியப் போட்டிகளுக்குப் பேர்போன இடம். அங்கே நடக்கும் 2700 புள்ளிப் போட்டியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 குண்டு, 22-ல் சுடுவது. ஒற்றைக் கையில், 50 கெஜத்திலும் 25 கெஜத்திலும். கேலி செய்கிறவரை அங்கே அனுப்பிவையுங்கள்.

45 உங்களைத் தூக்கிவாரிப் போட்டதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் குண்டில் நடந்தது பிரச்சினையே இல்லை, உடம்பு அதிர்வதற்குள் குண்டு குழலை விட்டுப் போயிருக்கும். கெடுதல் இரண்டாவது குண்டிலிருந்து தொடங்குகிறது. வெடிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ட்ரிக்கரை இழுக்கிற அதே நேரத்தில் மணிக்கட்டு தானாகக் குனியும், கண் மூடிக்கொள்ளும். வெடிச்சத்தத்தில் இது சுடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒன்று செய்து பாருங்கள். தோட்டா அடுக்கும் மேகசினை நண்பரிடம் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மிகள் ஒன்றிரண்டைக் கலந்து போடச் சொல்லுங்கள். எத்தனையாவது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது வெறும் 'க்ளிக்' மட்டும் கேட்கும், குழல்முனை இரண்டு அங்குலம் கீழே பாயும். வலக்கைக்காரர்களுக்குக் குண்டுகள் கீழே இடப்பக்கமாகக் குவிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சைட்டை எத்தனை முறை திருகினாலும் சரியாகாது. 22-ல் பயப்பட ஒன்றுமில்லை என்று உடம்பு சீக்கிரம் தெரிந்துகொள்ளும். அப்புறம் விரல் மட்டும் அசையும், கை அசையாது. சுடுவதில் இருக்கும் சுகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாடல் என்று பார்த்தால் ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி. மூன்றுமே நல்லவை. ரூகர் கம்பெனி 1949-ல் கனெக்டிகட்டில் முதன்முதலில் விற்ற பொருளே ஒரு 22 பிஸ்டல்தான், இந்த மார்க் 4 அதன் வாரிசு. பழைய மார்க் 2, மார்க் 3 மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் சுடும். ஆனால் சுத்தம் செய்யக் கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2016-ல் வந்த மார்க் 4-ல் பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எனக்குப் பக் மார்க்கின் ட்ரிக்கர்தான் பிடிக்கும், அது என் கை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து, குண்டில்லாமல், இலக்கைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். கையை இறக்கி, மறுபடி உயர்த்தி, கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பிடி உங்களுக்குச் சேரும்.

46 வயது என்றீர்கள். வெள்ளெழுத்து வந்திருக்கும். சுடும்போது கண் முன் சைட்டின் மேல் நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். நம் வயதில் முன் சைட்டே மங்கல். அதனால் ரெட் டாட் என்ற கண்ணாடி சைட்டைப் பொருத்த வசதியுள்ளதாக வாங்குங்கள். அப்போது இலக்கைப் பார்த்தாலே போதும், சிவப்புப் புள்ளி அதன் மேல் மிதக்கும். இது ஏமாற்று வேலை என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பார்கள். கேம்ப் பெரியிலேயே பாதிப் பேருக்கு மேல் ரெட் டாட்தான்.

22-க்கு ஒரு குறை உண்டு. தோட்டாவில் நெருப்பு மருந்து அடிவிளிம்பில் இருப்பதால் சில சமயம் வெடிக்காது. குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு 30 விநாடி பொறுத்துவிட்டு வெளியே எடுங்கள். எல்லாத் தோட்டாவும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துவராது. நாலைந்து பிராண்டில் ஒவ்வொரு டப்பா வாங்கி, எதன் குண்டுகள் ஒரே இடத்தில் குவிகின்றன என்று பாருங்கள். உள்ளரங்க ரேஞ்சில் காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். உங்களுடையது சின்னச் சத்தம்தான், பக்கத்து லேன்காரர் எதைச் சுடுவார் என்று தெரியாதே. திரும்பியதும் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அப்புறம் பையன்களைத் தொடுங்கள். ஈயத்தூள் இருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் சேரும். 15 வருஷம் வரை சிறை, கூடவே குடியேற்றமும் போய்விடும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கே.க்குக் கிரீன் கார்டு இருக்கிறது, தடையில்லை. அவரைக் கூட்டிப் போன நண்பர்களில் யார் யார் என்ன விசாவில் இருக்கிறார்களோ!

நம்மவர்களுக்குத் தேவையா என்றால், தேவை இல்லைதான். கேரம்போர்டும் தேவையில்லை. ஆனால் தற்காப்பு என்ற பேச்சை மட்டும் இதில் கலக்காதீர்கள். கலந்தால் துப்பாக்கி தலைமாட்டுக்கு வரும், நிரப்பியே இருக்கும். உங்கள் மனைவி பயப்படுவது அதற்குத்தான், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. டெக்சஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை வைப்பது குற்றம்கூட. காகிதத்துக்கு மட்டும் என்று முடிவெடுத்துவிட்டால், அது காலியாகப் பெட்டகத்தில் இருக்கும். தோட்டா வேறு பூட்டில். எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரியட்டும். பெட்டகத்தை முதலில் வாங்குங்கள். அப்போதும் அவர் வேண்டாம் என்றால் வாடகைத் துப்பாக்கியில் வருஷக்கணக்கில் சுடலாம், ஆசைக்கு ஒரு குறைவும் வராது. சின்னவன் பொட்டைப் பெட்டகத்துக்கு வைக்கட்டும்.

டிசம்பர் பயணத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள். பையின் மடிப்பில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுவாழ் இந்தியர்கள் பலர். தெரியாமல் வந்தது என்று கோர்ட் பிற்பாடு விட்டுவிட்ட வழக்குகள் உண்டு. ஆனால் அதற்குள் லீவு முடிந்து, டிக்கெட்டும் போயிருக்கும். 22 தோட்டா சுண்டுவிரலைவிடச் சின்னது, ஜீன்ஸ் பாக்கெட்டில்கூடத் தங்கும். கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் தலைகீழாக உதறிப் பாருங்கள்.