சவுதியில் இறந்த உறவினரின் உடலை ஊருக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாள் ஆகும்?

எங்களுக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. உங்களுக்குக் குறையலாம், கூடவும் கூடும். அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனியோ ஏஜென்டோ வாட்சாப்பில் ஒரு தாளை அனுப்பி, "வீட்டம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தால், அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை யாரும் பேனாவைத் தொடக் கூடாது.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருக்கிறது. அக்காவின் கணவர், எனக்கு மாமா, ஜுபைலில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் அவரோடு அறையில் தங்கியிருந்த பண்ருட்டிக்காரர் அழைத்தார். இரவு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

மூன்றாம் நாள் ஏஜென்டிடமிருந்து அந்தத் தாள் வந்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. "உடல் சீக்கிரம் வர வேண்டுமென்றால் இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அழுதழுது கண் வீங்கியிருந்த அக்கா பேனாவை எடுத்துவிட்டார். நான் அதை வாங்கி வைத்துவிட்டு, எதிர்வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். உடலை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிக்கிறோம், சம்பள பாக்கி, பணிக்கொடை எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டோம். இரண்டும் ஒரே தாளில்! ஒரு ரியால்கூட அதுவரை வரவில்லை.

சவுதி தொழிலாளர் சட்டப்படி, உடலைப் பதப்படுத்தி, ஆளை வேலைக்கு எடுத்த இடத்துக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. குடும்பம் அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்தால் அந்தச் செலவு அவருக்கு இல்லை. எதற்காக அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எல்லா ஏஜென்டுகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அங்கே அடக்கம் செய்வது தவறு என்றும் சொல்லவில்லை. பரங்கிப்பேட்டையில் என் நண்பர் தன் தந்தையை அந்த மண்ணிலேயே மனநிறைவோடு அடக்கம் செய்யச் சொன்னார். ஆனால் எங்கள் வழக்கம் எரியூட்டுவது, அங்கே அதற்கு வழியில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மகன் இங்கே காத்திருந்தான்.

பிறகு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றொப்பத்துடன், பண்ருட்டிக்காரர் பெயரில் ஓர் அதிகாரக் கடிதம் அனுப்பினோம். அவர் சம்பளத்தை இழந்து விடுப்பு எடுத்து, போலீஸ், மருத்துவமனை, தூதரகம் என்று அலைந்தார். மரணச் சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், பதப்படுத்தியதற்கான சான்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் விமானத்தில் இடம் பதிவு செய்ய முடிந்தது. அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் பட்ட கடன் தீராது.

இங்கே நான் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் புகாரைப் பதிந்தேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தேன், நகலை அயலகத் தமிழர் நலத் துறைக்கும் அனுப்பினேன். மனுவால் எதுவும் நடக்காது என்று சிலர் சொல்வார்கள். மனு கொடுத்த நான்காம் நாள் தூதரகத்திலிருந்து கம்பெனிக்கு அழைப்பு போனது, அதன் பிறகுதான் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. முதலாளியே இல்லாத நிலை என்றால், 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்டுத் தூதரகத்துக்கு எழுதுங்கள். வசதியற்ற குடும்பங்களுக்கு அதிலிருந்து உதவுகிறார்கள்.

இருபத்தாறு நாளில் ஒன்பது நாள் பெயரால் போயிற்று. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக இருந்தது, ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்த பிறகே அந்த அதிகாரக் கடிதத்தை ஏற்றார்கள். உங்கள் வீட்டுத் தாள்களை இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீனம்பாக்கத்தில் பயணிகள் வரும் வாசலில் நிற்காதீர்கள். பெட்டி சரக்குப் பிரிவில்தான் வரும், பெறுபவரின் அசல் அடையாள அட்டை வேண்டும். 2023இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கென்றே இ-கேர் என்ற இணையதளம் தொடங்கியிருக்கிறது. அதில் விவரங்களைப் பதிந்துவிட்டார்களா என்று பெட்டி விமானம் ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்காவுக்குப் பத்து லட்சம் வந்தது, தம்பி அமுக்கிக்கொண்டான் என்று உறவிலேயே இன்றுவரை பேசுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் 10 லட்சம் என்பது விபத்தில் இறந்தவர்களுக்கு. மாமா இறந்தது மாரடைப்பில். இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. இப்படிப் பேசுகிறவர்கள்தாம் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதில் மாமாவின் முகத்தைவிட அவர்களுடைய முகங்கள் பெரிதாக இருந்தன. ஆட்சியர் அலுவலகத்தில் வெயிலில் நின்றபோது அவர்களில் ஒருவர்கூடக் கூட வரவில்லை. சாவு வீட்டுக்கு எதற்கு பேனர்? இந்தப் பழக்கத்தை நம் ஊர் விட வேண்டும்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. கடலூர் மாவட்டம் என்றால் வரும் திங்கட்கிழமை காலையிலேயே மனுவோடு போய்விடுங்கள். பாஸ்போர்ட் எண், இக்காமா (சவுதி குடியிருப்பு அனுமதி அட்டை) எண், உடல் இருக்கும் மருத்துவமனை மூன்றும் மனுவின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.